அப்பாவின் வள்ளத்தை நானே புதுப்பிக்கலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் வங்கி வேலை பார்த்து இப்போதுதான் ஓய்வு பெற்றிருக்கிறேன். சொந்த ஊர் உவரிக்குப் பக்கம். அப்பா 1989-ல் கட்டிய 28 அடி வள்ளம் வீட்டுக்குப் பின்னால் பனைமரத்தடியில் கிடக்கிறது. தம்பி ஃபைபர் படகு வாங்கிய பிறகு ஆறு வருடமாக அது கடல் பார்க்கவில்லை, தார்ப்பாய் போட்டு மூடித்தான் வைத்திருக்கிறோம். எனக்கு மரவேலை ஓரளவு தெரியும், வீட்டுக் கதவு ஜன்னல் எல்லாம் நானே செய்தவை. வருகிற ஏப்ரல், மே மாதங்களில் மருமகனும் துணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதலில் எல்லாப் பலகையையும் கழற்றி நல்லது கெட்டது பிரித்து, கெட்டதை மாற்றி, திரும்பப் பூட்டி, மேலே ஃபைபர் போர்த்திவிடலாம் என்று திட்டம். பின்பக்கத்தை வெட்டி அவுட்போர்டு என்ஜின் மாட்டிப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போக ஆசை. இது நடக்கிற காரியமா? எவ்வளவு செலவாகும்?

பதில்: அண்ணாச்சி, வணக்கம். நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நடக்கிற காரியம்தான் என்று இப்போதைக்குச் சொல்வேன், ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற வரிசையில் செய்தால் வள்ளம் மிஞ்சாது. ‘முதலில் எல்லாப் பலகையையும் கழற்றி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். கழற்றாதீர்கள். ஒரு பலகையைக்கூட இப்போது கழற்றாதீர்கள்.

காரணம் சொல்கிறேன். அந்தக் காலத்து வள்ளத்துக்கு வரைபடம் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. வள்ளம் கட்டுகிற தச்சரான ஓடாவியின் கண்ணளவும் கைக்கோலும்தான் கணக்கு. முன்முனையான அணியம் எவ்வளவு ஏற வேண்டும், நடு வயிறு எங்கே அகல வேண்டும், பின்முனையான அமரம் எங்கே ஒடுங்க வேண்டும் என்பதெல்லாம் அவர் மனதில் இருந்தது, இப்போது அந்த வள்ளத்தில் மட்டும்தான் இருக்கிறது. பலகையும் உள்ளே விலா எலும்பு மாதிரி நிற்கிற வங்குக்காலும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டுதான் அந்த வளைவு நிற்கிறது. பலகையை உருவினால் வங்குகள் விரிந்து கொடுக்கும், அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடுகிற ஏராக் கட்டை தொய்யும், பலகையும் முப்பது வருடம் இருந்த வளைவைக் கொஞ்சம் விட்டுவிடும். திரும்பப் பூட்டும்போது ஒரு பக்கம் இரண்டு விரல் இடைவெளி நிற்கும், மறுபக்கம் பலகை மிஞ்சும். அந்த இடத்தில் கைவிட்டு, பிரித்த வள்ளத்தை விறகுக்குப் போட்டவர்களை நம் கரையில் நிறையப் பார்த்தாயிற்று. கதவு ஜன்னலைக் கழற்றிப் பூட்டலாம், அதற்குச் சதுரம் உண்டு, மூலை உண்டு, தப்பிப் போனால் மட்டப்பலகை வைத்துச் சரிசெய்யலாம். வள்ளத்தில் நேர்கோடு என்று பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

சரி, அப்போது எங்கே தொடங்குவது? அந்த நீலத் தார்ப்பாயை எடுப்பதில் தொடங்குங்கள், இந்த வாரமே. இறுக்கிக் கட்டிய தார்ப்பாய்க்குள் காற்று ஓடாது, பகல் வெயிலில் உள்ளே வேர்க்கிற ஈரம் ராத்திரி திரும்ப மரத்திலேயே இறங்கும். கடல் தண்ணீர் மரத்தை அவ்வளவு கெடுக்காது, உப்பில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. மழைத்தண்ணீர்தான் எமன். தொழிலுக்குப் போகிற வள்ளம் நாற்பது வருடம் நிற்பதும், கரையில் கிடக்கிற வள்ளம் ஐந்து வருடத்தில் உளுத்துப் போவதும் இதனால்தான். தார்ப்பாய்க்குப் பதில், வள்ளத்தைத் தொடாமல் நாலடி உயரத்தில் பனையோலைப் பந்தல் போட்டுவிடுங்கள். மழை உள்ளே இறங்காமல், காற்று நாலு பக்கமும் ஓட, நேர் வெயில் படாமல் இருக்க வேண்டும். வேலை முடிகிற வரைக்கும் உங்களுக்கும் அதுதான் நிழல். அடியில் தண்ணீர் வடிகிற துளை இருந்தால் அடைப்பைப் பிடுங்கிவிட்டு, அணியத்தை ஒரு சாண் உயர்த்தி வையுங்கள், விழுகிற தண்ணீர் தானாக ஓடிவிடும்.

மூன்றாவது படத்தில் ஏராவின் கீழே முட்டுக் கொடுத்திருக்கிற பனங்கட்டை நேராக மண்ணில் கிடக்கிறது. கரையான் ஏறுவதற்கு அதைவிட நல்ல படிக்கட்டு நாமே செய்து கொடுக்க முடியாது. கட்டைக்கு அடியில் சிமென்ட் கல் கொடுங்கள், கல்லுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு துண்டு தகரம் வையுங்கள், வாரம் ஒருமுறை மண்கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். முட்டு இரண்டே இடத்தில் இருக்கிறது, அதுவும் போதாது. 28 அடிக்கு ஏராவின் அடியில் நாலைந்து இடத்திலாவது தாங்கல் வேண்டும், இல்லாவிட்டால் தன் எடையிலேயே வள்ளம் வளைந்துவிடும்.

இப்போது சோதனை. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, ஒரு குத்தூசி, ஒரு சின்ன சுத்தியல், ஒரு உருண்டை நைலான் நூல், ஒரு சாக்பீஸ் போதும். ஆனால் பொறுமையாக இரண்டு மூன்று நாள் செய்ய வேண்டிய சோலி. முதலில் நூல். அணியத்தில் ஏரா தொடங்குகிற இடத்திலிருந்து அமரம் வரை ஏராவின் பக்கவாட்டில் நூலை விறைப்பாகக் கட்டி, இரண்டு அடிக்கு ஒருமுறை நூலுக்கும் ஏராவின் விளிம்புக்கும் உள்ள தூரத்தை எழுதுங்கள். ரொம்ப நாள் கரையில் கிடந்த வள்ளங்களில் நடு மேலே எழும்பி, இரண்டு நுனியும் கீழே தொங்கியிருக்கும். அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் எதையும் மாற்றுவதற்கு முன்னால் அதை நிமிர்த்தியாக வேண்டும், அதை ஒரே நாளில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் ஆணியெல்லாம் தெறிக்கும். வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நுனிகளின் அடியில் ஆப்பு ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். மாதக்கணக்கு ஆகும், ஆகட்டும்.

அடுத்து குத்தூசி. ஏரா, வங்குக்காலின் அடிப்பாகம், பலகைகள் அணியக் கட்டையோடு சேருகிற நுனி, மேல் விளிம்புப் பலகையின் அடிப்பக்கம், குறுக்குப் பலகைகள் உட்காருகிற மூலை என்று மழைத்தண்ணீர் தேங்குகிற இடமாகப் பார்த்துக் குத்துங்கள். நல்ல மரத்தில் ஊசி கொஞ்சம் இறங்கி நின்று, இழுத்தால் பிடிக்கும். உளுத்த மரத்தில் சத்தமில்லாமல் இறங்கும், சிராய் எழும்பாமல் மரம் துண்டு துண்டாக நொறுங்கும். சுத்தியலால் தட்டினால் நல்லது கணீர் என்கும், கெட்டது சாக்கு மூட்டையைத் தட்டியது மாதிரி இருக்கும். கெட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு, படம் எடுத்து, எண் கொடுத்து நோட்டில் எழுதுங்கள். இரண்டாவது படத்தில் அமரத்துக்குப் பக்கம் பெயிண்ட் கொப்பளித்து ஓரத்தில் கறுப்பாக ஒரு திட்டு தெரிகிறதே, அங்கே உள்பக்கத்திலிருந்தும் குத்திப் பாருங்கள். எனக்கென்னவோ அங்கே பலகையோடு உள்ளே இருக்கிற கட்டையும் போயிருக்கும் என்று தோன்றுகிறது.

கப்பல் புழுவையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அது நுழைகிற ஓட்டை குண்டூசித் தலை அளவுதான், உள்ளே போய்த்தான் விரல் பருமனுக்குக் குடையும். சந்தேகமான இடத்தில் ஒரு சின்னத் துண்டு வெட்டிப் பார்த்தால் குழாய் மாதிரி ஓட்டையும், அதன் சுவரில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையும் தெரியும். தினமும் கரையேற்றிய வள்ளம் என்பதால் பெரிதாக இருக்காது, கரையில் ஆறு வருடம் கிடந்ததில் புழு செத்தும் போயிருக்கும். ஆனால் அது விட்டுப்போன பொந்து பொந்துதான்.

அப்புறம் ஆணி. எல்லாரும் மரத்தைப் பார்ப்பார்கள், ஆணியை விட்டுவிடுவார்கள். உங்கள் படத்தில் வரிசையாகத் துருக்கண்ணீர் வடிந்திருப்பது இரும்பு ஆணி. நாலு இடத்தில் ஒவ்வொன்று பிடுங்கிப் பாருங்கள். தலை நன்றாக இருக்கும், முனையும் நன்றாக இருக்கும், நடுவில், சரியாகப் பலகையும் வங்கும் சேருகிற இடத்தில், ஊசி போல மெலிந்து போயிருக்கும். அதைச் சுற்றி மரமும் கறுத்து மாவாகியிருக்கும். வெளியே இருந்து பார்த்தால் திடமான வள்ளம், கடலில் ஒரு அலை தூக்கிப் போட்டால் பலகை வங்கை விட்டு வந்துவிடும். பிடுங்கிய நாலில் மூன்று இப்படி இருந்தால் வள்ளம் முழுக்கப் புது ஆணி என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அப்போதும் பழைய ஓட்டையிலேயே அடிக்கக் கூடாது, பக்கத்தில் நல்ல மரம் பார்த்துப் புதுத் துளை போட வேண்டும், பழைய ஓட்டையை மரக்குச்சி அறைந்து அடைத்துவிட வேண்டும்.

இதெல்லாம் பார்த்த பிறகு ஒரு முடிவுக்கு வர வேண்டும், அங்கே மனசு இடம் கொடுக்காது, ஆனாலும் சொல்கிறேன். ஏரா நன்றாக இருந்து, வங்குகளில் பாதிக்கு மேல் தேறி, பலகையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மாற்ற வேண்டியிருந்தால் தாராளமாக இறங்குங்கள். ஏராவே உளுத்து, வங்குகளிலும் பாதிக்கு மேல் போயிருந்தால் அது புதுப்பிப்பு இல்லை, புது வள்ளம் கட்டுகிற வேலை. அப்படியானால் அப்பாவின் வள்ளத்தை அப்படியே அளவெடுத்து, அதை அச்சாக வைத்துக்கொண்டு அதே உருவத்தில் சின்னதாகவோ பெரிதாகவோ புதிதாகக் கட்டுவதுதான் பணத்துக்கும் உயிருக்கும் நல்லது. பேரப்பிள்ளைகளை ஏற்றப் போகிறீர்கள், அதை மறக்க வேண்டாம்.

இறங்கலாம் என்று முடிவாகிவிட்டால், முதல் வேலை வடிவத்தைப் பூட்டி வைப்பது. மூன்றடிக்கு ஒன்றாக வள்ளத்தின் உள்ளே இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்குக் குறுக்குச் சட்டம் அறைந்து, வயிற்றுப் பகுதியில் வெளியே இருந்து முட்டு கொடுத்துவிடுங்கள். ஐந்தாறு இடங்களில் மெல்லிய பிளைவுட்டை உள்வளைவுக்கு வெட்டி மாதிரிப் பலகை செய்து, இடமும் தேதியும் எழுதி வீட்டுக்குள் வையுங்கள். இனி எந்தத் தொழிலாளி வந்து ‘கொஞ்சம் தட்டிவிட்டால் சரியாகிவிடும்’ என்றாலும் அந்த மாதிரியை வைத்துப் பார்த்த பிறகுதான் தட்டவிட வேண்டும்.

வரிசை இப்படி வரட்டும். வங்குக்கால்கள் முதலில், ஒன்றுவிட்டு ஒன்று. கெட்டதை எடுத்து, அதே இடத்தில் புதியதைப் பொருத்தி ஆணி அடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடலாம். அடுத்தடுத்த இரண்டு வங்குகளை ஒரே நேரத்தில் எடுக்கவே கூடாது. அது முடிந்த பிறகு பலகை, அதுவும் ஒரு பக்கம் ஒன்று மாற்றினால் மறுபக்கம் அதே வரிசையில் ஒன்று, இப்படி மாறி மாறிப் போனால் வள்ளம் ஒரு பக்கமாகக் கோணாது. எடுத்த பழைய பலகையைத் தூக்கி எறிய வேண்டாம், எவ்வளவு நொறுங்கியிருந்தாலும் புதியதற்கு அதுதான் அளவு. ஏராவை ஒட்டிய முதல் பலகையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில்தான் முறுக்கு அதிகம், கை பழகிய பிறகு தொடுவது நல்லது.

மரத்தைப் பற்றி. பலகைக்கு அயினி, ஆஞ்சிலி என்றும் சொல்வார்களே, அதுதான் நம் பக்கம் வள்ளத்துக்கு ஒத்து வருகிற மரம். நாகர்கோவில், செங்கோட்டைப் பக்கம் கேட்டால் கிடைக்கும். தேக்கு இன்னும் நல்லது, ஆனால் அந்த விலைக்கு அவசியம் இல்லை. வங்குக்கு வளைந்த கொம்பு வேண்டும், நேர்மரத்தை வெட்டி வளைவு எடுத்தால் நார் அறுந்து அந்த இடத்தில் ஒடியும். நாட்டுக் கருவேலம், வேம்பு, புன்னை இவற்றில் இயற்கையாக வளைந்த கிளையாகத் தேட வேண்டும், வாரக்கணக்கில் தேட வேண்டியிருக்கும், மாதிரிப் பலகையை வண்டியில் வைத்துக்கொண்டே திரியுங்கள். எதை வாங்கினாலும் வைரம் பாய்ந்த பகுதியாக இருக்கட்டும், வெளிவட்டத்து வெள்ளை மரம் ஒரே மழைக்காலத்தில் பூச்சிக்குப் போய்விடும். கடைக்காரர் ‘நன்றாகக் காய்ந்தது’ என்றுதான் சொல்வார். ஈரம் பார்க்கிற சின்னக் கருவி ஒன்று வாங்கிவிடுங்கள், 15 முதல் 18 சதவீதம் காட்டினால் சரி. நிழலில், பலகைக்கும் பலகைக்கும் நடுவில் குச்சி வைத்து அடுக்கினால் ஒரு அங்குலக் கனம் காய ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும் என்பது தொழில் கணக்கு. நீங்கள் ஏப்ரல், மே என்று போட்ட திட்டம் இங்கேயே உடைந்துவிடுகிறது பாருங்கள்.

எவ்வளவு மரம் என்பதற்கு ஒரு கணக்கு காட்டுகிறேன், மீதியை நீங்களே போட்டுக்கொள்ளலாம், வங்கிக்காரருக்குச் சொல்லித் தரவா வேண்டும். 28 அடி நீளம், 8 அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலக் கனம் உள்ள ஒரு வரிப் பலகைக்குக் கிட்டத்தட்ட 2 கன அடி மரம். ஆனால் பலகை நேராக வராது, வளைவுக்கு வெட்டும்போது ஓரம் போகும், முடிச்சு உள்ள இடத்தைத் தள்ள வேண்டும், ஆக 3 கன அடி வாங்க வேண்டும். அவ்வளவு நீளத்தில் ஒரே மரம் கிடைக்காவிட்டால் இரண்டாகச் சேர்க்கலாம், ஆனால் முட்ட வைத்துச் சேர்க்காமல் சாய்வாக இழைத்துச் சேர்க்க வேண்டும், சாய்வின் நீளம் பலகைக் கனத்தைப் போல எட்டு மடங்கு, அதாவது இங்கே 10 அங்குலம். அடுத்தடுத்த வரிகளில் சேர்ப்பு ஒரே இடத்தில் வரக் கூடாது.

ஆணிக்குச் செம்பு அல்லது நல்ல கல்வனைஸ் பூச்சு உள்ள இரும்பு, இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள், உப்புத் தண்ணீரில் செம்பும் இரும்பும் பக்கத்தில் இருந்தால் இரும்பு சீக்கிரம் கரைந்துபோகும். கடையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவே பிடிக்காது என்பார்கள். தண்ணீருக்கு மேலே, அதுவும் 316 தரம் என்றால் சரி. தண்ணீருக்குள், காற்றுப் படாமல் ஈர மரத்துக்குள் இருக்கிற இடத்தில் அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் அரித்துப்போகும்.

ஃபைபர் போர்த்துவது பற்றி. உங்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சுனாமிக்குப் பிறகு நம் கரை முழுக்க ஃபைபர் படகு வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் ஃபைபர்தான் மருந்து என்று ஆகிவிட்டது. முழுக்க ஃபைபரில் அச்சில் வார்த்த படகு வேறு விஷயம். பலகை பலகையாகச் சேர்த்த பழைய மரத்தின் மேல் போர்த்துவது வேறு விஷயம். மரம் தண்ணீரில் ஊறினால் விரியும், காய்ந்தால் சுருங்கும், அந்த அசைவைப் போர்த்திய ஓடு தாங்காமல் மூட்டுக்கு மூட்டு கீறல் விடும். மலிவாகக் கிடைக்கிற பாலியெஸ்டர் ரெசின், வருடக்கணக்கில் எண்ணெய் குடித்த மரத்தில் ஒட்டவும் செய்யாது. மேலே மினுமினுவென்று இருக்கும், உள்ளே மழைத்தண்ணீர் இறங்கி வெளியேற வழியில்லாமல் மரத்தைத் தின்றுகொண்டே இருக்கும். அதைவிட மோசம், குத்தூசி வைத்துப் பார்க்க இனி இடமே இருக்காது. கொச்சியில் இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ரப்பர் மரப் படகுக்கு ஃபைபர் போர்த்தி வெற்றியாகக் காட்டியிருக்கிறதே என்று யாராவது சொல்லலாம், உண்மைதான், ஆனால் அது காயவைத்து மருந்தேற்றிய புது மரம். முப்பது வருட மரத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. மருமகன் பிடிவாதமாக நின்றால் ஒன்று மட்டும் எச்சரிக்கை: ரெசினுக்குப் போடுகிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றாகக் கலக்கக் கூடாது, வெடித்துவிடும்.

தண்ணீர் புகாமல் இருக்கப் பழைய கலப்பத்தே போதும். பலகை இடுக்கு உள்பக்கம் ஒட்டியும் வெளிப்பக்கம் கொஞ்சம் விரிந்தும் இருக்க, பருத்தி நூலைத் திரித்து உள்ளே அடித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசுவது. காய்ச்சுவதை வீட்டை விட்டுத் தள்ளி, ஓலைப் பந்தலை விட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், சட்டென்று தீப்பிடிக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் இதில் செய்கிற தப்பு, காய்ந்து விரிந்த இடுக்கில் பலம்கொண்ட மட்டும் நூலை அறைவது. கடலில் இறங்கியதும் பலகை ஊறி விரியும், நூலுக்கு இடம் இருக்காது, விரிகிற வேகத்தில் வங்கிலிருந்து ஆணியைப் பிடுங்கிவிடும். ஆகவே கலப்பத்துக்கு முன்னால் ஒரு வாரம் உள்ளேயும் வெளியேயும் சாக்கு விரித்துக் கடல் தண்ணீர் தெளித்து மரத்தைக் கொஞ்சம் ஊறவிடுங்கள். நல்ல தண்ணீர் வேண்டாம். உள்ளே தண்ணீரை நிரப்பியும் வைக்க வேண்டாம், கரையில் நிற்கிற வள்ளம் அந்த எடையைத் தாங்காது.

அமரத்தை வெட்டி அவுட்போர்டு மாட்டுகிற யோசனையையும் விட்டுவிடுங்கள். உங்கள் வள்ளம் இரண்டு நுனியும் கூர்மையாக ஒடுங்குகிற ஜாதி, பின்னால் எடை தாங்குகிற அகலம் அதற்குக் கிடையாது. வெட்டிப் பலகை அடித்து என்ஜின் தொங்கவிட்டால் அமரம் தாழும், அணியம் தூக்கும், கரைக்கு வரும்போது பின்னால் துரத்துகிற அலை நேராக உள்ளே ஏறும். நம் கரையில் மணப்பாடு மாதிரி ஒதுக்கமான இடம் குறைவு, அலையைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவு இல்லாத ஊர்களில் அலையை உடைத்துக்கொண்டுதான் வர வேண்டும். பக்கவாட்டில் சட்டம் கொடுத்துச் சின்ன என்ஜின் மாட்டலாம், அந்தச் சட்டத்தின் பாரம் ஒரு பலகையில் இறங்காமல் மூன்று நாலு வங்குக்குப் பரவுகிற மாதிரி உள்ளே நீளக்கட்டை கொடுக்க வேண்டும். ஏராவின் அடியிலும் ஒரு தேய்மானப் பட்டை அடித்துவிடுங்கள், மணலில் இழுக்கிற ஒவ்வொரு தடவையும் அது தேயட்டும், ஏரா தேய வேண்டாம்.

காலத்துக்கு வருவோம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கிற அடியில் நம் பக்கம் மணல் பறக்கும், ஈரப் பெயிண்டில் அது ஒட்டினால் உப்புத்தாள்தான். ஐப்பசி, கார்த்திகை மழை. சித்திரையில் வெயிலும் ஆகாது, கள்ளக்கடல் என்று கடல் திடீரென்று பொங்கிக் கரைக்கு ஏறி வருகிற காலமும் அதுதான், அலைவாய்க்குப் பக்கத்தில் வேலை நடக்கிற வள்ளத்தை அப்போது வைக்கவே கூடாது. மிச்சம் இருப்பது தை, மாசி, பங்குனி. கலப்பத்தும் பெயிண்டும் அந்த மூன்று மாதத்துக்குள் வர வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். இந்த வருடம் பந்தல், சோதனை, முட்டு, மரம் வாங்கி அடுக்குவது. அடுத்த கச்சான் காலத்தில் பந்தலுக்குப் படுதா கட்டி வங்கு வேலை. அதற்கு அடுத்த புரட்டாசிக்குள் பலகை. இரண்டு வருடம் என்று மனதில் வையுங்கள், மருமகனிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள், இரண்டு மாதம் என்று நம்பி வந்த மனுஷன் பாவம்.

செலவுக்கு ஒரு தொகை நான் இங்கிருந்து சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும். சோதனை நோட்டிலிருந்து மரம், ஆணி, கூலி மூன்றையும் கணக்குப் போட்டு, வருகிற தொகையோடு பாதியை மேலே சேர்த்து அது கையில் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். ஒரு பலகையைத் திறந்தால் அதன் பின்னால் இன்னொன்று காத்திருக்கும். எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டும் என்ற வைராக்கியமும் வேண்டாம். ஏரா நிமிர்த்துவது, நீங்கள் மாற்றுகிற முதல் இரண்டு பலகையை நெருப்பில் வாட்டி வளைப்பது, கலப்பத்து, இந்த மூன்றுக்கும் ஒரு ஓடாவியைக் கூப்பிடுங்கள். தூத்துக்குடியில் கேட்டால் வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தினக்கூலி பேசி, பக்கத்தில் நின்று நீங்கள் கையாளாக வேலை செய்யுங்கள். மூன்றாவது பலகையை நீங்களே வளைப்பீர்கள்.

பழைய பெயிண்டைச் சுரண்டுவதில் மட்டும் பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் விட வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற மத்திய அரசு விதியே 2016-ல்தான் வந்தது. 1989 வள்ளத்தின் அடியில் சிவப்பு ஈயம் பூசியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கிரைண்டர் போட்டுத் தூசி கிளப்பாமல், நனைத்துச் சுரண்டி, விழுவதைத் தார்ப்பாயில் பிடித்து அள்ளுங்கள். அந்த நீலத் தார்ப்பாய்க்கு அதுதான் சரியான வேலை.

கடைசியாகக் காகிதம். மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் அப்பா பெயரில் பதிவு இருந்ததா, இப்போது யார் பெயருக்கு எப்படி மாற்றுவது என்று மரம் வாங்கும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். ஊர்க் கமிட்டியிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், இறக்கும் அன்றைக்குத் தோள் கொடுக்க அவர்கள்தான் வர வேண்டும். காசு வாங்கி ஆள் ஏற்றுகிற எண்ணம் பின்னால் வந்தால் அது தனி அனுமதி, மீன்பிடிப் பதிவில் அடங்காது.

நூல் கட்டி எடுத்த அளவுகள், பிடுங்கிய நாலு ஆணியின் படம், அமரத்துக் கறுப்புத் திட்டில் ஊசி எவ்வளவு இறங்கியது என்ற விவரம், இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு ஏரா தேறுமா தேறாதா என்று சொல்கிறேன். அதுவரை மரக்கடைக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள் அண்ணாச்சி.